ஆறாவது பக்கம்

மேல அலங்கத்தில் வாடகைக்கு இருக்கிறேன்.
அலங்கம் என்றால் கொத்தளம்.
மதில் போய்விட்டது. அகழியில்
சாக்கடையும் ஆகாயத்தாமரையும்.
கரையில் நொச்சி மட்டும் நிற்கிறது,
கொசுவுக்கு ஒடித்துப் புகை போடுகிறோம்.
பகலில் உடைந்த போன்களுக்கு டிஸ்ப்ளே மாற்றுகிறேன்.
இரவில் முற்றுகையிடுகிறேன்.

எதிரி சவரிராஜ்.
தென்பெரம்பூர் தலைப்பில்
ஷட்டர் ஏற்றி இறக்கும் வேலை.
நாளைக்கு ஒரு முறை. நான் நகர்த்தி
‘முறை முடிந்தது’ அழுத்தினால்
வெண்ணாற்றங்கரையில் அவன் போன் அதிரும்.
கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு அவன் நகர்த்துவான்.
எழுபத்திரண்டு மணி நேரம் நகர்த்தாவிட்டால்
முறை அவனைத் தாண்டிப் போய்விடும்.

அவன் நகரத்தின் பேர் ஒத்தப்பனைத்திடல்.
மதில் இருநூறு புள்ளி. ஜனம் ஒன்பது.
முதல் தடவை நேராகப் போய் மோதினேன்,
சினிமாவில் மோதுகிற மாதிரி.
மூன்று யானை ஒரே முறையில் போயின.
அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது:
மதிலை விட்டுவிட்டு வயலைப் பிடிக்க வேண்டும்.
நெல் கட்டங்களில் ஆளை நிறுத்தி
அப்படியே உட்கார வேண்டும்.
உழிஞை சூடுவதெல்லாம் பிறகு.
முற்றுகை முக்கால்வாசி உட்கார்ந்திருப்பது.

கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஆறு பக்கம்.
ஐந்தை அடைத்துவிட்டேன்.
ஆறாவது பக்கம் ஆறு.
அது திறந்திருக்கிறவரை இரவில் தோணி வரும்;
நான் இடித்த இருபது புள்ளியை
அவன் கொத்தனார் விடிவதற்குள் பூசிவிடுவான்.
பதினொரு நாள் இருபது இடிப்பு, இருபது பூச்சு.
என் வில்லாளிகளுக்கு மட்டும்
முறைக்கு எட்டுப் பொன் கூலி.
முற்றுகையிடுகிறவளும்தான் மெலிவாள்.

பன்னிரண்டாம் நாள் மூன்று ஓடம் வாங்கி
ஆற்றை மறித்தேன்.
நகரத்தின் பேருக்குப் பக்கத்தில்
சிவப்பாக ஒரு பூட்டு விழுந்தது.

ஆற்றை மறிப்பது எனக்குப் புதிது.
தண்ணீருக்குக் காத்துக் கிடந்த பக்கத்துக்காரி நான்.
ஊர் தலைஞாயிறுக்குத் தெற்கே, கடைமடை.
ஆறு நாள் காவிரிக்கு, ஆறு நாள் வெண்ணாற்றுக்கு
என்று தாளில் முறை இருக்கும்.
எங்கள் மடையைத் தொடுவதற்குள் முறை முடிந்துவிடும்.
நாற்றங்கால் வெடிப்பில் கால் கட்டைவிரல் போகும்.
ஷட்டரில் நிற்கிறவன் எவனோ,
அவனைத்தான் வைவோம்,
அவன் அம்மாவையும் சேர்த்து.

இதைச் சவரிராஜிடம் சொன்னதில்லை.
‘ராணி, களஞ்சியத்துல இன்னும் நாலு நாளைக்கு இருக்கு’
என்று சிரிப்புப் பொம்மையோடு அனுப்பினான்.
நாலு நாள் ஆயிற்று.
ஜனம் எட்டு. ஜனம் ஏழு. ஜனம் ஆறு.
இந்த விளையாட்டில் பட்டினிக்குப் படம் கிடையாது.
எண் மாறும்போது சின்னதாக ஒரு மணி அடிக்கும்,
சைக்கிள் மணி மாதிரி.

பிறகு அவன் முறை வரவில்லை.
மறுநாளும் இல்லை.
கல்லணையில் கூடுதலாகத் திறந்திருக்கிறார்கள் என்று
டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.
மூன்றாம் நாள் ராத்திரி
ஓர் அம்புகூட எய்யாமல் அவன் முறை கழிந்து
என்னிடம் வந்தது.
மதில் நாற்பது. ஜனம் ஐந்து.

கவண்பொறியைத் தொடப் போகிறேன்,
அக்கா புருஷன் வைரக்கண்ணு கூப்பிடுகிறார்:
‘தண்ணி மடைக்கு வந்துட்டு புள்ள. முழங்கால் மட்டும்.
ராப்பகலா நின்னு எவனோ ஷட்டரப் பாத்திருக்கான்,
நல்லாருக்கட்டும்.’
அவருக்குப் பின்னால் தவளைகள்
பேச விடவில்லை.

இரண்டு கல்லில் மதில் விழுந்தது.
எரிக்கவா, இணைக்கவா, விடுவிக்கவா
என்று விளையாட்டு கேட்டது.
இணைத்தேன். பாசாங்கு எதற்கு,
இருபத்திரண்டு நாள் உட்கார்ந்திருந்தவள்.
உள்ளே ஜனம் இரண்டு.
களஞ்சியம் கட்டச் சொன்னேன்; ஏழு முறை ஆகுமாம்.
ஓடங்களை ஆற்றிலிருந்து எடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் போன் அதிர்ந்தது.
‘இப்பதான் தூங்கி எந்திரிச்சேன்.
மதிலப் பூசி வை ராணி.
ஆத்துப் பக்கமா வருவேன்.’